மூடுங்கள், பூட்டாதீர்கள்: வெளியே போகும் வழி கேட்டு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை அதிகாரிகளுக்கும், இந்த மாவட்டத்தில் பெரிய மருத்துவமனை, துணிக்கடை, கல்யாண மண்டபம் நடத்துகிற நிர்வாகத்தாருக்கும்,

ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் நான் 25 நிமிடம் அகப்பட்டுக் கிடந்தேன். மறுநாளே நிர்வாகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்தக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘பொதுமக்கள் இவ்வழியைப் பயன்படுத்தக் கூடாது.’ அவ்வளவுதான். கதவு அப்படியே இருக்கிறது. கதவுக்கு மேலே பச்சை எழுத்தில் ‘எக்ஸிட்’ என்ற பலகையும் அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

எந்த மருத்துவமனை என்பதை இங்கே எழுதவில்லை, மனுவில் எழுதித் தருகிறேன். அந்த ஒரு கட்டடத்தைச் சரிசெய்தால் தீரும் பிரச்சனை என்றால் மனுவோடு நிறுத்தியிருப்பேன். அப்புறம் போன ஒவ்வொரு பெரிய கட்டடத்திலும் கதவைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பார்த்த வரைக்கும் நிலைமை ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு எக்கோ எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது மாடியில் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு, பணம் கட்டக் கீழே போகக் கிளம்பினேன். லிஃப்ட்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது, பின்னால் பத்துப் பதினைந்து பேர். சரி, படியிலேயே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். நடைபாதையின் கோடியில் பச்சைப் பலகையும் அம்புக்குறியும் இருந்தன. அதன் கீழே கனமான ஒரு இரும்புக் கதவு. தள்ளினேன், திறந்தது. இரண்டு படி இறங்குவதற்குள் பின்னால் டக்கென்று சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் கதவின் இந்தப் பக்கம் கைப்பிடியே இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது.

சரி, கீழே போனால் வெளியே வந்துவிடலாம் என்று இறங்கினேன். முதல் மாடியிலும் அதே மாதிரி கைப்பிடி இல்லாத கதவு. அதற்கும் கீழே, படி திரும்புகிற இடத்தில், சலைன் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் சக்கரம் கழன்ற வீல்சேர், துருப்பிடித்த கட்டில். அதை எல்லாம் ஒதுக்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிக்கு வந்தால் இரும்பு கிரில் கேட். சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் வெயில், கார் நிறுத்துமிடம், ஒரு தென்னை, சொட்டிக்கொண்டிருக்கும் பைப். பத்தடி தூரத்தில் வெளியே இருந்தது. நான் உள்ளே இருந்தேன்.

போனில் சிக்னல் இல்லை. மறுபடி மேலே ஏறிக் கதவைத் தட்டினேன். கை வலித்தது, செருப்பைக் கழற்றி அடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கட்டடத்துக்குள் விளக்கு வந்திருக்கும், படிக்கட்டுக்கு வரவில்லை. ஜெனரேட்டர் இருந்தது அந்த கிரில் கேட்டை ஒட்டி. அதன் சத்தத்தில் நான் தட்டுவது எனக்கே கேட்கவில்லை. டீசல் புகை படிவழியே மேலே ஏறி வந்தது. நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. உள்ளங்கை வேர்த்து, விரல்நுனி மரத்து, வாய் உலர்ந்துவிட்டது. இங்கேயே விழுந்துவிட்டால் என்னை யார் தேடுவார்கள், அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்று திரும்பத் திரும்ப அதே நினைப்பு. எனக்கு 52 வயது. பிள்ளை பெற்றிருக்கிறேன், வீட்டுக்காரரைப் பறிகொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் அறிந்ததில்லை.

கடைசியில் கதவைத் திறந்தது துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண். குப்பைப் பையோடு வந்தவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார். “இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்களே அக்கா, நீங்க எப்படி வந்தீங்க?” என்றார். அவர் தலைக்கு மேலே அம்புக்குறி இருந்தது.

அதற்குள் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இல்லாததால் அம்மா என்னைத் தேடி எழுந்து லிஃப்ட்டில் ஏறியிருக்கிறார். 80 வயது. திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் மலையாளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் முன்பே படிப்பு நின்றுவிட்டது. மலையாளம் வாசிப்பார், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். லிஃப்ட்டில் இருந்த பொத்தான்களில் ஆங்கில எழுத்துகள்: ஜி, எல்ஜி, பி. கையில் பட்டதை அழுத்தியிருக்கிறார். அடித்தளத்தில், லேப் இருக்கிற நடைபாதையில், சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தவரை ஒரு நர்ஸ் பார்த்து மேலே கூட்டி வந்தார். என்னைக் கண்டதும் அம்மா சொன்னது, “நீ என்ன விட்டுட்டுப் போயிட்டியோன்னு நெனச்சேன் மக்ளே.” அதற்கப்புறம் அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

இதைச் சொன்னால் சிலர், “கேட்டுப் போயிருக்கலாமே” என்கிறார்கள். யாரிடம் கேட்பது? அம்புக்குறி போட்டிருக்கிற வழியில் போவதற்கும் ஆளைக் கேட்க வேண்டுமா? வழி தெரியாமல் போனதை எங்கள் அறியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டடம் அப்படி இருக்கிறது.

ஏன் அப்படி இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். நம்முடைய மாவட்டம் மேடும் பள்ளமுமான பூமி. மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இறக்கம். அதனால் முன்வாசல் வழியே நுழைகிறவருக்குத் தரைத்தளமாக இருப்பது, பின்பக்கம் கார் நிறுத்திவிட்டு வருகிறவருக்கு இரண்டாவது மாடியாக இருக்கும். ‘கீழே போனால் வெளியே போகலாம்’ என்று நாம் சிறுவயதிலிருந்து நம்பி வருவது இந்தக் கட்டடங்களில் செல்லாது. அதோடு ஒரே மூச்சில் கட்டியவையும் அல்ல. முதலில் ஒரு கட்டடம், பத்து வருடம் கழித்துப் பக்கத்தில் ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு பாலம், பிறகு பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றின் மாடியும் ஒவ்வொரு உயரம். பழைய கட்டடத்தின் வாசல் புதிய கட்டடத்தின் மருந்து ஸ்டோராக மாறியிருக்கும். பழைய பலகை மட்டும் கழற்றப்படாமல் அந்த வாசலையே காட்டிக்கொண்டிருக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். எத்தனை அறை, எத்தனை குறுகிய படி, எத்தனை இடத்தில் தலை குனிந்து போக வேண்டும். ஆனாலும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தொலையாமல் வந்துவிடுகிறோம். போகிற வழி ஒன்றுதான், அங்கங்கே நிற்கிற ஊழியர் கைகாட்டுகிறார். நூற்றாண்டுகள் பழைய மரக் கட்டடத்தில் முடிகிற காரியம் நேற்றுக் கட்டிய கான்கிரீட்டில் ஏன் முடியவில்லை?

நான் தையல் வேலை செய்கிறவள். லைனிங் துணி, ஃபால், நூல் வாங்கப் பெரிய துணிக்கடைகளுக்கு அடிக்கடி போக வேண்டும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தைய வாரங்களில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. மேலே போக லிஃப்ட்டில் ஆள் நின்று கூட்டிப் போவார். இறங்கும்போது ஒவ்வொரு மாடியையும் சுற்றி, பில் போடும் இடம், பை கொடுக்கும் இடம், பில்லில் ஓட்டை போடுகிறவர் என்று ஒரே ஒரு வாசல்தான். ஒரு கடையில் மூன்றாவது மாடியில் அவசரப் படி எங்கே என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். புடவை கட்டி நிற்கும் இரண்டு பொம்மைகளை நகர்த்தி, துணிப் பொதிகளுக்குப் பின்னால் ஒரு கதவைக் காட்டினாள். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கிறதாம். நாள் முழுக்க அந்த மாடியில் நின்றபடியே வேலை செய்கிற பிள்ளை அவள். வாங்க வந்த நான் அரைமணி நேரத்தில் போய்விடுவேன், அவள் போக முடியாது.

கல்யாண மண்டபத்துப் பந்தி பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகூர்த்தம் முடிந்த கையோடு முந்நூறு நானூறு பேர் சாப்பாட்டு அறைக்கு இறங்கும் படியில் நெருக்கியடித்து நிற்பார்கள். உள்ளே பந்தி நடக்கும், கதவை இரண்டு பையன்கள் இழுத்துப் பிடித்திருப்பார்கள். சாப்பிட்டவர்கள் வெளியே போகும் பின்வாசல் சமையல்கட்டு வழியாக, கேஸ் சிலிண்டர்களை ஒட்டிப் போகும். பந்திக்கு வேற்றாள் நுழைந்துவிடக் கூடாது என்று சில இடங்களில் அதற்கும் பூட்டு. போன ஆவணியில் என் நாத்தனார் மகள் கைக்குழந்தையோடு அந்தப் படியில் மாட்டிக்கொண்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றி மாற்றி வெளியே கொடுத்தோம். அன்று தீ இல்லை, புகை இல்லை. பாயசத்துக்கான அவசரம் மட்டும்தான்.

தீ வந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாத கதை இல்லை. 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாடிப் பந்தல் பற்றியபோது மாப்பிள்ளையும் சேர்த்து 50-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதே வருடம் ஜூலை 16, கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள். டெல்லியில் 1997 ஜூன் 13 அன்று ஒரு தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதலாக இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தது அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஒரு தனியார் மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேலே ஏறியதில் படுக்கையில் இருந்த நோயாளிகள் உட்படச் சுமார் 90 பேர் இறந்தார்கள். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். அவர்களை மயங்கிய நிலையில் கண்டெடுத்தது லிஃப்ட்டுக்குள். அந்தச் செய்தியை வாசித்தபோது ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டேன். இருட்டில் டீசல் புகையை மூச்சு வாங்கிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. தெரியாத கட்டடத்தில், புகையில், மனிதர் போவது வந்த வழியாகத்தான். லிஃப்ட்டில் வந்தவர்கள் லிஃப்ட்டைத்தான் தேடுவார்கள். வேறு வழி இருக்கிறதென்று அவர்களுக்கு யார் காட்டினார்கள்?

என் மகன் சிவில் டிப்ளமோ படித்தவன். அவனிடம் இதற்கெல்லாம் விதி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு பகுதி முழுக்கத் தீயும் உயிர்ப் பாதுகாப்பும்தான். வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். லிஃப்ட்டையும் நகரும் படியையும் வெளியேறும் வழியாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வழியில் எந்தப் பொருளும் கிடக்கக் கூடாது. இதோடு 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன, மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களுக்குத் தடையின்றி வந்துபோவதற்கு 2016-இன் உரிமைச் சட்டம் இருக்கிறது. புதிதாக எதையும் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

அவன் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. படிக்கட்டுக் கதவு மூடித்தான் இருக்க வேண்டுமாம். திறந்து கிடந்தால் புகை படிக்கட்டுக்குள் புகுந்துவிடும். ஆனால் பூட்டியிருக்கக் கூடாது. மூடுவது வேறு, பூட்டுவது வேறு. முதலாவது உயிரைக் காப்பாற்றுகிறது, இரண்டாவது எடுத்துவிடும். நான் பேசிய நிர்வாகத்தார் யாருக்கும் இந்த வித்தியாசம் உறைக்கவில்லை. “பாதுகாப்புக்காகத்தான் பூட்டியிருக்கிறோம் அம்மா” என்றார்கள். யாருடைய பாதுகாப்பு? திருட்டு போகக் கூடாது, பில் கட்டாமல் யாரும் போய்விடக் கூடாது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, கடை நடத்துகிறவர்களுக்கு அது இருக்கும். அதற்கும் வழி நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது. 1903 டிசம்பரில் சிகாகோவில் ஒரு நாடக அரங்கில் தீப்பிடித்து 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதவைத் திறக்கத் தெரியாமலும் முடியாமலும் அதன் முன்னே குவிந்து இறந்தவர்கள் அதில் நிறையப் பேர். அதற்குப் பிறகு வந்ததுதான் கதவின் குறுக்கே இருக்கும் தள்ளுகம்பி. வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளேயிருந்து கையால், இடுப்பால், உடம்பு மோதினால்கூடத் திறந்துவிடும். திறந்தால் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். மணி அடித்தால் காவலாளி ஓடி வரட்டும், திருடன் என்றால் பிடிக்கட்டும். உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் அதற்காகப் பூட்டி வைக்காதீர்கள்.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவை நோக்கி ஓடும் பச்சை மனிதன் படத்தைப் பார்த்திருப்பீர்கள், யுகியோ ஓட்டா என்ற ஜப்பான்காரர் உருவாக்கிய வடிவம் அது. எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும். என் அம்மாவிடம் மகனின் போனில் அந்தப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். “ஒருத்தன் வெளிய ஓடுதான்” என்றார். அவ்வளவுதானே வேண்டும்.

அந்த நாளுக்குப் பிறகு பெரிய கட்டடத்துக்குள் போனால் எனக்கு மூச்சு அடைக்கிறது. கல்யாண வீட்டில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறேன். டாக்டரிடம் காட்டினேன், மூச்சை மெதுவாக விடப் பழகச் சொல்லியிருக்கிறார், பழகுகிறேன். என் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பூட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நான் இதைச் சொல்லத் தொடங்கிய பிறகு எத்தனை பேர், “எனக்கும் அப்படித்தான், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது” என்று சொன்னார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டு அண்ணாச்சி மூன்று வருடமாக மண்டபத்துக்குள் போவதே இல்லை, மொய்யை வாசலிலேயே கொடுத்துவிட்டு வருகிறார். உடம்பு சரியில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆட்சியர் அவர்களே, தீயணைப்புத் துறை அதிகாரிகளே, நான் கேட்பது இதுதான். இந்த மாவட்டத்தின் மாடிக் கட்டட மருத்துவமனைகள், துணிக்கடைகள், மண்டபங்கள் எல்லாவற்றிலும் ஒரு கூட்டு ஆய்வுக்கு உத்தரவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், கூட்டம் இருக்கிற நேரத்தில், முகூர்த்த நாளில், பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் போகச் சொல்லுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்ப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு வெளியேறும் கதவையும் உள்ளேயிருந்து கையால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் படியில் கடைசிவரை இறங்கி வெளியே வரச் சொல்லுங்கள். கூடவே வீல்சேரில் வருகிற ஒருவரையும் வயதான ஒருவரையும் அழைத்துப் போங்கள். அவர்கள் மேலே போக முடியாமல் நின்றுவிடுகிற இடத்தில்தான் குறை இருக்கிறது.

ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெளியேறும் கதவில் பூட்டோ சங்கிலியோ இருந்தால் அன்றைக்கே அகற்ற வைக்க வேண்டும், தவணை கொடுக்கக் கூடாது. தள்ளுகம்பி மாட்டக் கால அவகாசம் கொடுங்கள், அது நியாயம். படிக்கட்டில் அடுக்கிய பெட்டிகளை எடுக்க அவகாசம் தேவையில்லை, பெட்டியை நகர்த்த ஒரு மணி நேரம் போதும். கரண்ட் போனாலும் படிக்கட்டு விளக்கும் பலகையும் எரிய வேண்டும்.

பலகைகளில் படமும் தமிழும் கட்டாயம் வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளமும் சேருங்கள். போகமுடியாத வழியைக் காட்டும் பழைய பலகைகளைக் கழற்றச் சொல்லுங்கள். லிஃப்ட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் ரோட்டுக்குப் போகலாமோ அதன் பக்கத்தில் ‘வெளியே’ என்று எழுதினால் போதும், பெரிய செலவு ஒன்றும் இல்லை. விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறோம், கடலில் கால் மணி நேரம்கூட ஆவதில்லை. அந்த அக்கறை கரையில் இருக்கும் கட்டடத்துக்கும் வேண்டும்.

ஆய்வு எப்போது நடந்தது, என்ன குறை கண்டார்கள், எப்போது சரிசெய்தார்கள் என்பதைக் கட்டடத்தின் முன்வாசலில் எழுதி வைக்க உத்தரவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்தால் பொதுமக்கள் போட்டோ எடுத்து அனுப்ப ஒரு எண் அறிவியுங்கள். வேலை செய்யும் பிள்ளைகளும் பெயர் சொல்லாமல் அதில் சொல்ல முடிய வேண்டும்.

நிர்வாகத்தாரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நாள் உங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்குப் போய், சாவிக்கொத்தைக் கீழேயே வைத்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி, லிஃப்ட் இல்லாமல் வெளியே வந்து பாருங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

என் அம்மாவுக்கு அடுத்த மாதம் 14-ஆம் தேதி அதே இரண்டாவது மாடியில் மறுபடியும் செக்கப். வரமாட்டேன் என்கிறார், நான்தான் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அந்தத் தேதிக்குள் அந்த இரும்புக் கதவின் படிக்கட்டுப் பக்கத்திலும் கைப்பிடி இருக்க வேண்டும், கீழே கிரில் கேட்டில் சங்கிலி இருக்கக் கூடாது. அன்று காலையில் முதல் வேலையாக அந்தப் படியில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவை மாடிக்குக் கூட்டிப் போவேன்.

இப்படிக்கு,
திருவட்டாறு பக்கத்துத் தையல்காரி ஒருத்தி